கிழமைச் சம்பளம், மாதச் சம்பளம், போனஸ் மாதம்: வரி எப்படிப் பிடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் எல்லாருக்கும் சம்பளம் ஒரே மாதிரிக் கைக்கு வருவதில்லை. மாகாண சபை அலுவலகத்தில் இருப்பவருக்கு மாதம் ஒருக்கா வங்கியில் விழும். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவருக்குச் சனிக்கிழமை பின்னேரம் கையில் காசு. நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் அடிப்படைச் சம்பளம் ஒரு நாள், சேர்விஸ் சார்ஜ் இன்னொரு நாள். ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளைக்கோ இரண்டு கிழமைக்கு ஒருக்கா. ஆனால் வருமான வரி எங்கேயும் வருடக் கணக்குத்தான். அந்த வருடக் கணக்கை ஒவ்வொரு சம்பளத்திலும் துண்டு துண்டாகப் பிடிக்கும்போதுதான் குழப்பம் வருகிறது, சிலருக்குத் தேவையில்லாமல் காசும் போகிறது. இங்கே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி.

கிழமைக்கு ஒருக்கா சம்பளம் எடுத்தால் வரி கூடுமா, குறையுமா?

இரண்டும் இல்லை. வருடம் முழுக்க நீங்கள் உழைத்தது எவ்வளவோ அதற்குத்தான் வரி. அதை 12 தடவையாக வாங்கினாலும் 52 தடவையாக வாங்கினாலும் வருட முடிவில் கட்ட வேண்டிய தொகை மாறாது. மாறுவது இடையில் பிடிக்கும் தொகை மட்டும்தான். சம்பளம் போடும் ஆளுக்கு உங்கள் வருட வருமானம் முன்கூட்டியே தெரியாது, கையில் இருக்கும் ஒரு சம்பளத்தைப் பார்த்து வருடத்தை ஊகிக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரே தொகை வந்தால் ஊகம் சரியாக இருக்கும். ஒரு மாதம் கூட, ஒரு மாதம் குறைய என்று வந்தால் ஊகம் பிழைக்கும். கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் ஊகம் பிழைத்த இடங்களைப் பற்றியவை.

மாதம் எவ்வளவு தாண்டினால் பிடிப்பார்கள்?

மாதம் 150,000 ரூபாய். வருடத்துக்குத் தனிநபர் நிவாரணம் (அதாவது வரி பிடிக்காமல் விடும் தொகை) 18 இலட்சம், அதை 12ஆல் பிரித்தால் வருவது இது. அதற்கு மேல் வரும் வருட வருமானத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24, அடுத்த 5 இலட்சத்துக்கு 30, அதையும் தாண்டினால் 36 வீதம். 6இலிருந்து நேரே 18க்குத் தாவுவதைக் கவனியுங்கள். போனஸ் கேள்வியில் இந்தத் தாவல்தான் ஆளை அடிக்கும்.

சம்பளத்தில் பிடிக்கும் இந்த வரியைத்தான் பேசீட்டில் ஏபிஐரி என்று போடுவார்கள். பழைய பேயி வரி 2020 ஜனவரியில் நின்றது. 2020 ஏப்ரலில் ஏபிஐரி வந்தபோது ஊழியர் சம்மதித்தால் மட்டும் பிடிப்பது என்று இருந்தது, 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாகிவிட்டது. அப்போது நிவாரணம் 12 இலட்சம், அதாவது மாதம் 1 இலட்சம். அந்தப் பழைய அட்டவணை இன்னும் யாருடைய கணினியிலாவது கிடக்கிறதா என்று பார்ப்பது லேசு: மாதம் 180,000 எடுப்பவருக்கு இப்போது 1,800 ரூபாய்தான் பிடிக்க வேண்டும். 7,100 பிடித்திருந்தால் பழைய அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். உடனே கேளுங்கள்.

கிழமைக் கூலி, நாட்கூலி எடுப்பவருக்கு எந்தக் கணக்கு?

வழமையான சம்பளத்துக்கான அட்டவணை மாதத்துக்கே போடப்பட்டது. ஆகவே அந்த மாதத்துக்குள் கொடுத்த நான்கு கிழமையோ ஐந்து கிழமையோ எல்லாவற்றையும் கூட்டி, அந்த மாதத்துத் தொகையாகத்தான் பார்க்க வேண்டும். நாட்கூலியில் 26 நாள் வேலை செய்தால், நாளுக்குச் சுமார் 5,770 ரூபாய்க்கு மேல் வரும்போதுதான் 150,000 தாண்டும். பெரும்பாலான நாட்கூலிக்காரருக்கு இந்தப் பிரச்சினையே வராது, ஆனால் இயந்திரம் ஓட்டுபவர், வெல்டிங் வேலைக்காரர், ஓ.டி. நிறையச் செய்பவர்கள் தாண்டலாம்.

ஐந்து சனிக்கிழமை வரும் மாதம் ஒரு சின்னத் தொந்தரவு. கிழமைக்கு 36,000 எடுப்பவருக்கு நான்கு கிழமை மாதத்தில் 144,000, வரி இல்லை. ஐந்து கிழமை மாதத்தில் 180,000, ஆகவே 1,800 போகும். வருடத்துக்கு 52 கிழமையும் வேலை செய்தால் மொத்தம் 1,872,000, வரவேண்டிய வரி 4,320. ஐந்து சனிக்கிழமை மாதம் வருடத்தில் நான்கு வந்தால் பிடிப்பது 7,200. வித்தியாசம் பெரிதில்லைதான், ஆனால் அது உங்கள் காசு. எப்படித் திருப்பி எடுப்பது என்று கடைசிக் கேள்வியில் பாருங்கள்.

சம்பளத்தை 10ஆம் திகதி பாதி, 25ஆம் திகதி பாதி என்று பிரித்துக் கொடுத்தால் வரி தப்புமா?

தப்பாது. 90,000உம் 90,000உம் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 150,000க்குக் கீழே, அதனால் வரி இல்லை என்று சில சின்ன நிறுவனங்களில் நினைக்கிறார்கள். மாதக் கணக்கில் அது 180,000. பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல் விட்டால் பொறுப்பு முதலில் முதலாளியின் தலையில்தான் விழும். அந்த மாதத்தில் பிடித்ததை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டிவிட வேண்டும், சம்பளம் எத்தனை தடவை கொடுத்தாலும் இந்தத் திகதி ஒன்றுதான்.

இன்னொன்று, மாத நடுவில் எடுக்கும் அட்வான்ஸ். பேசீட்டில் கடைசியில் அட்வான்ஸ் கழித்து மிச்சம் 60,000 என்று இருக்கும், ஆனால் வரி மேலே உள்ள மொத்தத் தொகைக்குத்தான் போகும். பார்க்கிறவருக்கு 60,000 ரூபாய்க்கு வரி பிடித்தது போலத் தெரியும். மேலிருந்து கீழே வாசித்தால் விளங்கும்.

ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கழித்த பிறகுதானே வரி?

இல்லை. உங்கள் சம்பளத்திலிருந்து போகும் 8 வீதத்தைக் கழிக்க முதலே வரி கணக்கிடப்படும். முதலாளி தன் பக்கத்தால் போடும் 12 வீதமும் ஈரிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் உங்கள் மாத வருமானத்தில் சேராது.

போனஸ் வந்த மாதத்தில் சம்பளத்தில் பாதி வரியாகப் போய்விட்டது. இது சரியா?

பெரும்பாலும் சரியில்லை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சம்பளக்காரரின் காசு அதிகம் அகப்படும் இடம் இதுதான்.

மாதம் 180,000 எடுக்கும் ஒருவருக்கு டிசம்பரில் 300,000 போனஸ் என்று வைப்போம். சம்பளம் போடுபவர் இரண்டையும் கூட்டி 480,000 என்று மாத அட்டவணையில் போட்டால், அட்டவணை இவரை மாதாமாதம் 480,000 எடுக்கும் ஆளாக நினைத்து 36 வீத அடுக்குக்குள் தள்ளிவிடும். வரி 78,800. வழமையான 1,800ஐக் கழித்தால் போனஸுக்காக மட்டும் 77,000.

சரியான வழி வேறு. போனஸ், ஊக்கக் கொடுப்பனவு, நிலுவைச் சம்பளம் போன்ற ஒரே தடவையாக வரும் தொகைகளுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. அதில் முதலில் வருடச் சம்பளத்தைப் போடுவார்கள்: 180,000ஐ 12ஆல் பெருக்கினால் 2,160,000, அதற்கு வருட வரி 21,600. பிறகு போனஸையும் சேர்த்தால் 2,460,000, அதற்கு வரி 39,600. இரண்டுக்கும் வித்தியாசம் 18,000. போனஸில் பிடிக்க வேண்டியது அவ்வளவுதான். 77,000 எங்கே, 18,000 எங்கே. 59,000 ரூபாய் கூடப் போயிருக்கிறது, அது ஒரு குடும்பத்தின் பொங்கல் செலவு.

ஆகவே போனஸ் மாதத்துப் பேசீட்டில் வரி என்று மொத்தமாக ஒரு தொகை மட்டும் இருந்தால், அதை மாதச் சம்பளத்துக்கு எவ்வளவு, போனஸுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சம்பளம் போடுகிறவரும் பெரும்பாலும் வேண்டுமென்று செய்வதில்லை, மென்பொருளில் போனஸை "கொடுப்பனவு" என்ற பெட்டிக்குள் போட்டிருப்பார், அது மாதச் சம்பளத்தோடு கலந்துவிட்டிருக்கும்.

சம்பள உயர்வு பிந்தி வந்து ஆறு மாத நிலுவை ஒன்றாகக் கிடைப்பவர்களுக்கும் இதே கதைதான். நிலுவையை அந்த மாதச் சம்பளமாக எண்ணக் கூடாது.

ஆனால் ஒன்று: உங்கள் வருட வருமானம் ஏற்கெனவே 6 வீத அடுக்கின் விளிம்பில், அதாவது 28 இலட்சத்துக்குப் பக்கத்தில் இருந்தால், சரியாகக் கணக்கிட்டாலும் போனஸின் பெரும்பகுதி 18 வீதத்துக்குள் போகும். அது பிழையில்லை.

பண்டிகை முற்பணத்துக்கும் வரி பிடிப்பார்களா?

அது கடன். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ எடுத்துவிட்டு மாதாமாதம் கட்டுகிறீர்கள். வருமானம் இல்லை, வரியும் இல்லை.

ஹோட்டலில் வேலை. சீசனில் 2 இலட்சம், மழை மாதங்களில் 1 இலட்சம். எனக்கு வரி வருமா?

இது நம் கரைக்கே உரிய கேள்வி.

கணக்குக்கு வசதியாக ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை ஆறு மாதம் தலா 200,000 என்றும், ஒக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம் தலா 100,000 என்றும் வைப்போம். வருடத்துக்கு 18 இலட்சம். நிவாரணமும் 18 இலட்சம். ஆகவே வருட வரி பூச்சியம். ஆனால் மாத அட்டவணை சீசன் மாதம் ஒவ்வொன்றிலும் 3,000 பிடிக்கும், ஆறு மாதத்துக்கு 18,000. மழை மாதங்களில் பிடிக்காது, ஆனால் பிடித்ததைத் தானாகத் திருப்பியும் தராது. நிவாரணத்தை மாதத்துக்கு 150,000 என்று வெட்டி வைத்திருப்பதால், ஒரு மாதம் பாவிக்காமல் விட்ட 50,000 இன்னொரு மாதத்துக்குப் போவதில்லை.

இப்படிக் கூடக்குறைய வரும் சம்பளத்துக்கு, வருடத் தொடக்கத்திலிருந்து அன்றுவரை கிடைத்ததை எல்லாம் சேர்த்துப் பார்க்கும் இன்னொரு அட்டவணை இருக்கிறது. ஏப்ரலிலிருந்து இன்றுவரை எவ்வளவு எடுத்தார், அத்தனை மாதத்துக்கு நிவாரணம் எவ்வளவு, வரி எவ்வளவு, முன்பே பிடித்தது எவ்வளவு, மிச்சத்தை மட்டும் பிடி என்பதுதான் முறை. நியாயமான முறை. ஆனால் கிழக்குக் கரையில் அதற்கும் ஒரு குறை இருக்கிறது. வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. நிலாவெளியில் கடல் அமைதியாகி வெள்ளைக்காரர் வருவது மே தொடக்கம் செப்டெம்பர் வரை, வாடைக் காற்றும் மழையும் அதற்குப் பிறகு. அதாவது நம் சீசன் வரி வருடத்தின் முன் பாதியில் விழுகிறது. செப்டெம்பர் முடிவில் சேர்த்துப் பார்த்தால் 12 இலட்சம் எடுத்திருப்பீர்கள், ஆறு மாத நிவாரணம் 9 இலட்சம், ஆகவே 18,000 வரி ஏற்கெனவே போயிருக்கும். ஒக்டோபரிலிருந்து புதிதாக ஒன்றும் பிடிபடாது, அவ்வளவுதான். ஹிக்கடுவைப் பக்கத்து ஹோட்டல்காரருக்கு இது தலைகீழ்: அவர்களுக்குக் குறைந்த மாதங்கள் முதலில் வரும், சீசன் வருடக் கடைசியில் வரும், சேர்த்துப் பார்க்கும் அட்டவணையில் ஒரு சதமும் பிடிபடாமலே வருடம் முடிந்துவிடும். ஒரே சம்பளம், ஒரே சட்டம், சீசன் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதால் மட்டும் ஒருவருடைய 18,000 மாதக்கணக்கில் வெளியே நிற்கிறது.

ஆகவே சீசன் சம்பளக்காரர் வருட முடிவில் வருமான வரி அறிக்கை போட்டுக் கூடப் பிடித்ததைக் கேட்கத்தான் வேண்டும். "சின்னத் தொகைதானே" என்று விடுபவர்கள் அதிகம். மூன்று வருடம் விட்டால் 54,000.

சேர்விஸ் சார்ஜ் வேறு நாளில் வந்தாலும் அது வேலையால் வரும் வருமானமே, அந்த மாதத்தோடு சேரும். விருந்தினர் நேரே கையில் தரும் டிப்ஸ் முதலாளியின் பேசீட்டில் வராது, ஆகவே அதில் பிடிப்பும் இருக்காது.

ஒக்டோபரில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாதமே பிடித்துவிட்டார்கள்.

மாத அட்டவணைக்கு நீங்கள் ஏப்ரலில் வீட்டில் இருந்தது தெரியாது. மாதம் 200,000 என்றால் மார்ச் வரை ஆறு மாதத்தில் 12 இலட்சம், வேறு வருமானம் இல்லாவிட்டால் வருட வரி பூச்சியம். ஆனாலும் மாதம் 3,000 போகும். நிவாரணம் வருடத்துக்கு முழுசாக 18 இலட்சம், எத்தனை மாதம் வேலை செய்தீர்கள் என்று பார்த்து அதைக் குறைப்பதில்லை. வளாகத்தில் படித்து முடித்து நேரே வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: முதல் வருடக் கணக்கைக் கட்டாயம் சரிபாருங்கள்.

மார்ச் சம்பளம் ஏப்ரலில் வந்தால் எந்த வருடத்தில் சேரும்?

கைக்கு வந்த வருடத்தில். வேலை வருமானத்துக்கு எந்த மாதத்துக்கான சம்பளம் என்பதல்ல, எப்போது கிடைத்தது என்பதுதான் கணக்கு. சித்திரைப் புத்தாண்டு போனஸிலும் இதைப் பார்க்கலாம். மார்ச் 31இல் கொடுத்தால் பழைய வருடம், ஏப்ரல் 8இல் கொடுத்தால் புதிய வருடம். ஏற்கெனவே 18 வீத அடுக்குக்குள் போய்விட்ட வருடமா, இனித்தான் தொடங்கும் வருடமா என்பதைப் பொறுத்து பிடிபடும் தொகை மாறலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, சம்பளத் திகதி மாறும் வருடம். இதுவரை அடுத்த மாதம் 5ஆம் திகதி சம்பளம் போட்ட கம்பனி, ஒரு மார்ச்சில் மாத முடிவிலேயே போடுவது என்று மாற்றினால் அந்த வரி வருடத்தில் 13 சம்பளம் விழும். மாதம் 200,000 எடுப்பவருக்கு மொத்தம் 26 இலட்சம். நிவாரணம் 13 பங்காகக் கூடாது, 18 இலட்சமேதான். ஆகவே 13ஆவது சம்பளத்துக்கு நிவாரணமே இல்லாமல் முழுத் தொகைக்கும் 6 வீதம், 12,000 ரூபாய் போகும். இது நியாயமான வரி, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்த மார்ச்சில் 5ஆம் திகதிச் சம்பளத்தையும் 31ஆம் திகதிச் சம்பளத்தையும் கூட்டி 400,000 என்று மாத அட்டவணையில் போட்டால் 50,000 பிடிபடும். பிடிக்க வேண்டியது 3,000உம் 12,000உம் சேர்த்து 15,000. மிச்சம் 35,000 கூடுதலாகப் போனது. திகதியை மாற்றுகிற கம்பனி இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும், ஊழியர் மேல் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு இடத்தில் வேலை செய்தால்?

ஒரு இடத்தைத்தான் முதன்மை வேலை என்று எழுதிக் கொடுக்கலாம். அங்கேதான் மாதம் 150,000 நிவாரணம். இரண்டாவது இடத்தில் நிவாரணம் இல்லை, அதற்குத் தனி அட்டவணை. ஆகவே இரண்டாவது இடத்தில் 40,000 ரூபாய்தானே தருகிறார்கள், இதிலும் பிடிக்கிறார்களே என்று கோபப்படாதீர்கள். முதல் இடத்தில் 150,000ஐவிடக் குறைவாக எடுப்பவருக்கு இதனால் கூடுதலாகப் பிடிபடலாம், அதுவும் வருட முடிவில் சரிசெய்யக்கூடியது.

டியூட்டரியில் படிப்பிக்கிறேன், ஒவ்வொரு கிழமையும் காசு தருகிறார்கள். இதுவும் ஏபிஐரியா?

அங்கே நீங்கள் ஊழியர் இல்லை, வகுப்புக்குக் காசு வாங்குபவர் என்றால் அது வேறு. ஒரே இடத்திலிருந்து மாதத்துக்கு 1 இலட்சம் தாண்டினால் 5 வீதம் பிடித்து வைப்பார்கள். இங்கேயும் அளவு மாதத்துக்குத்தான், கிழமைக்கு 30,000ஆக வாங்கினாலும் மாதம் கூட்டிப் பார்க்கும்போது தாண்டிவிடும். இந்த 5 வீதம் முடிவான வரி அல்ல. வருட முடிவில் உங்கள் மொத்த வரியிலிருந்து அதைக் கழிப்பீர்கள்.

கனடாவில், அமெரிக்காவில் இருப்பவர்கள் "இந்தச் செக்கில் வரி கூட வெட்டிவிட்டான்" என்கிறார்களே, ஏன்?

அங்கே மாதத்துக்கு ஒருக்கா சம்பளம் கொடுப்பது குறைவு. கிழமைக்கு ஒருக்கா என்றால் வருடத்துக்கு 52, இரண்டு கிழமைக்கு ஒருக்கா என்றால் 26, மாதம் இரண்டு தடவை என்றால் 24. பிடிக்கும் முறையின் அடிப்படை ஒன்றுதான்: கையில் உள்ள சம்பளத்தை அந்த எண்ணிக்கையால் பெருக்கி வருட வருமானமாக்கி, வருட வரியைப் போட்டு, அதே எண்ணிக்கையால் திருப்பிப் பிரிப்பது. அமெரிக்காவில் வருடத்துக்கு 60,000 டொலர் எடுப்பவருக்கு கிழமைக்கு 1,153.85, இரண்டு கிழமைக்கு 2,307.69, மாதம் இரண்டு தடவை என்றால் 2,500. எதைப் பெருக்கினாலும் 60,000தான் வரும், ஆகவே வருடப் பிடிப்பும் ஒன்றுதான்.

பிழைப்பது ஓ.டி. செய்த கிழமையில். அதே ஆள் ஒரு தடவை 3,300 டொலர் எடுத்தால், கணினி அதை 26ஆல் பெருக்கி 85,800 டொலர்க்காரர் என்று நினைக்கும். தனியாளாக இருந்தால் 12 வீத அடுக்கில் இருந்தவரை அந்த ஒரு செக்குக்கு மட்டும் 22 வீத அடுக்குக்குள் கொண்டுபோய்விடும். "ஓ.டி. செய்தால் நட்டம்" என்று நம்மவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். நட்டமில்லை. வருட முடிவில் அறிக்கை போடும்போது கூடப் போனது திரும்பும். போனஸைத் தனியாகக் கொடுத்தால் அமெரிக்காவில் பெரும்பாலும் நேரே 22 வீதம் பிடித்துவிடுவார்கள், அதுவும் முடிவான வரி அல்ல.

அங்கே வேலை மாறும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரி எப்படிப் பிடிப்பது என்று முதலாளிக்கு நிரப்பிக் கொடுக்கும் டபிள்யூ-4 படிவத்தில், ஒவ்வொரு செக்கிலும் மேலதிகமாக இவ்வளவு பிடி என்று எழுதிக் கொடுக்கலாம். அது ஒரு செக்குக்கான தொகை. 50 டொலர் என்று எழுதினால் கிழமைச் சம்பளத்தில் வருடத்துக்கு 2,600, இரண்டு கிழமைச் சம்பளத்தில் 1,300, மாதச் சம்பளத்தில் வெறும் 600. கிழமைச் சம்பளத்திலிருந்து மாதச் சம்பளத்துக்கு மாறியவர் பழைய 50ஐயே எழுதிக் கொடுத்தால் வருட முடிவில் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். அதேபோல சில வருடங்களில் நாட்காட்டி விழும் விதத்தால் 26க்குப் பதில் 27 சம்பளம் வரும். கணினி 26ஆல் பெருக்கிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் குறையப் பிடித்திருக்கும்.

கனடாவிலும் இந்தப் பெருக்கிப் பிரிக்கும் முறைதான், அங்கே அறிக்கை போடப் பெரும்பாலானோருக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. இங்கிலாந்து வேறு மாதிரி. 1257 எல் என்ற வழமையான வரிக் குறியீடு உள்ளவருக்கு ஏப்ரல் 6இலிருந்து சேர்த்துச் சேர்த்துப் பார்ப்பார்கள். 12,570 பவுண் விலக்கில் பாவிக்காமல் விட்ட பங்கு அடுத்த சம்பளத்துக்குப் போகும், ஒரு மாதம் குறைய உழைத்தால் முன்பு பிடித்ததில் ஒரு பகுதி சம்பளத்தோடேயே திரும்பி வரும். நம் ஹோட்டல் பிள்ளைகளுக்கு வேண்டியது இந்த முறைதான்.

கூடப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் என்ன செய்வது?

வருடம் முடியவில்லை என்றால் முதலில் சம்பளம் போடுபவரிடம் போங்கள். பேசீட்டையும், மேலே சொன்ன மாதிரி நீங்களே போட்ட கணக்கையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத அட்டவணையைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்: 150,000க்கு மேல் 233,333 வரை என்றால் சம்பளத்தை 6 வீதத்தால் பெருக்கி 9,000ஐக் கழியுங்கள். 275,000 வரை 18 வீதத்தால் பெருக்கி 37,000, 316,667 வரை 24 வீதத்தால் பெருக்கி 53,500, 358,333 வரை 30 வீதத்தால் பெருக்கி 72,500, அதற்கு மேல் 36 வீதத்தால் பெருக்கி 94,000 கழித்தால் சரி.

வருடம் முடிந்துவிட்டால் முதலாளியிடம் ரி-10 சான்றிதழை வாங்குங்கள். அந்த வருடம் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு வரி பிடித்தார்கள் என்பது அதில் இருக்கும். ஏப்ரல் முடிவுக்குள் தர வேண்டும், வேலையை விட்டுப் போனவரும் கேட்டு வாங்கலாம். அதில் உள்ள பிடிப்புத் தொகையையும் 12 பேசீட்டில் உள்ளதையும் கூட்டி ஒப்பிடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லாவிட்டால் உங்களிடம் பிடித்தது முழுசாகத் திணைக்களத்துக்குப் போகவில்லை என்று அர்த்தமாகலாம், அதைச் சும்மா விடக்கூடாது.

பிறகு வரி இலக்கத்தை வைத்து இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அறிக்கை போட வேண்டும், மார்ச்சில் முடிந்த வருடத்துக்குக் கடைசி நாள் நவம்பர் 30. நிலையான வைப்பு வட்டி இருந்தால் அதையும் காட்டுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வங்கி அதில் 10 வீதம் பிடித்து வைக்கிறது, மொத்த வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் அந்தப் பிடிப்பையும் சேர்த்துக் கேட்கலாம். படிவத்தில் எங்காவது தடக்கினால் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். அழைக்கும்போது ரி-10ஐயும் வரி இலக்கத்தையும் கையில் வைத்திருங்கள்.